‘டாப் 10’ சண்டையை ஒழுங்காகப் போடுவது எப்படி? சினிமா பாட்காஸ்டில் படங்களை வகைவாரியாக வரிசைப்படுத்த முழுமையான வழிகாட்டி

நாங்கள் மூன்று நண்பர்கள் உட்கார்ந்து பதிவு செய்த முதல் எபிசோட் 2 மணி 40 நிமிடம் ஓடியது. தலைப்பு, ‘சிறந்த 10 த்ரில்லர் படங்கள்’. முடித்தபோது கையில் பத்துப் படம் இல்லை, நான்குதான் தேறியிருந்தது. மீதி நேரமெல்லாம் “டேய், அது த்ரில்லரே இல்லடா”, “அப்ப நீ சொன்னது மட்டும் என்னவாம்?” என்றே போயிருந்தது. மறுநாள் ஹெட்ஃபோன் மாட்டித் திரும்பக் கேட்டேன். சண்டை சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் எதற்காக அடித்துக்கொள்கிறோம் என்பது கேட்கிறவருக்குப் புரிய வழியே இல்லை. ஆளுக்கொரு த்ரில்லரை மனதில் வைத்துக்கொண்டு பேசியிருக்கிறோம்.

படம் பற்றிப் பேச யாருக்கும் பயிற்சி தேவையில்லை. பட்டியல் போட்டுப் பேசுவதற்குத்தான் முன்வேலை வேண்டும். முதலில் வகையின் எல்லை, அடுத்து ஓட்டு முறை, அதற்குப் பிறகுதான் படப் பெயர்கள். மைக், எடிட்டிங் எல்லாம் கடைசி. பெரும்பாலானவர்கள் மைக்கில் ஆரம்பிக்கிறார்கள். நாங்களும் அப்படித்தான் ஆரம்பித்தோம்.

படி 1: எத்தனை பேர்?

மூன்று பேர். இரண்டு பேர் என்றால் கருத்து மாறுபடும் இடத்திலெல்லாம் ஆட்டம் நின்றுவிடும். நான்குக்கு மேல் போனால் எந்தக் குரல் யாருடையது என்று கேட்கிறவர் தடுமாறுவார். மூவரில் ஒருவர் நேரத்தைப் பார்த்துக்கொண்டு, பேச்சு தடம் மாறினால் இழுத்து வர வேண்டும். அந்தப் பொறுப்பை எபிசோடுக்கு எபிசோட் மாற்றிக்கொள்ளுங்கள். ஒருவரே செய்தால் அவர் வாத்தியார் ஆகிவிடுவார்.

படி 2: வகையின் எல்லையை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

முழு வேலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. அமெரிக்கன் ஃபிலிம் இன்ஸ்டிடியூட் 2008-இல் பத்து வகைகளுக்குத் தலா பத்துப் படம் என்று பட்டியல் வெளியிட்டது. அனிமேஷன், ரொமான்டிக் காமெடி, வெஸ்டர்ன் (கௌபாய் படம்), விளையாட்டு, மர்மம், ஃபேன்டஸி, சயின்ஸ் ஃபிக்‌ஷன், கேங்ஸ்டர், நீதிமன்றம், எபிக் (பிரம்மாண்டக் காவியப் படம்) ஆகியவை அந்தப் பத்து. ஒவ்வொரு வகைக்கும் அது என்ன என்று ஒரு சுருக்கமான விளக்கத்தையும் வைத்தார்கள். அந்த விளக்கம் இல்லையென்றால், இயக்குநர் ஹிட்ச்காக்கின் ‘வெர்டிகோ’ எப்படி மர்மப் படப் பட்டியலில் முதலிடத்துக்கு வந்தது, அது காதல் படம்தானே என்று ஒருவர் நாள் முழுக்கக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

வகைப் பெயர்களில் ஒரு கோளாறு இருக்கிறது. எல்லாப் பெயரும் ஒரே கேள்விக்குப் பதில் சொல்வதில்லை. வெஸ்டர்ன் என்பது கதை நடக்கும் இடத்தையும் காலத்தையும் குறிக்கிறது. ஹாரர், நமக்குள் எழும் உணர்ச்சியைக் குறிக்கிறது. நீதிமன்றப் படம் ஒரு கட்டடத்தை வைத்துப் பெயர் பெற்றது. கொள்ளைப் படத்துக்கு ஒரு சம்பவம்தான் அடையாளம். மியூசிக்கல் என்பது சொல்லும் முறை. ஆகவே ஒரு படம் இரண்டு வகையில் இருப்பதில் முரண் எதுவும் கிடையாது. 1979-இல் வந்த ‘ஏலியன்’ ஹாரரா, சயின்ஸ் ஃபிக்‌ஷனா என்ற பழைய தகராறு தீராததற்குக் காரணம், ஒரு கட்சி உணர்ச்சியைப் பற்றியும் இன்னொரு கட்சி இடத்தைப் பற்றியும் பேசுவதுதான்.

எல்லை போட எங்களுக்கு உதவியவை இரண்டு சோதனைகள்.

ஒன்று, எடுத்துப் பார்க்கும் சோதனை. படத்திலிருந்து ஒரு அம்சத்தை மனதுக்குள் உருவிவிட்டு, கதை நிற்கிறதா என்று பாருங்கள். ‘ஏலியன்’ படத்தின் விண்கலத்தை எடுத்துவிட்டு, வெளியே போக வழியில்லாத ஒரு பங்களாவில் அதே ஆட்களை அடைத்தால் கதை ஏறக்குறைய அப்படியே ஓடும். அந்த ஜந்துவை எடுத்துவிட்டால் சரக்கு ஏற்றிப் போகும் ஒரு கலத்தின் பயணம்தான் மிஞ்சும். எனவே எங்கள் கணக்கில் அது ஹாரர். உங்கள் கணக்கில் வேறாக இருக்கலாம், அதனால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது. கணக்கு எப்படிப் போட்டீர்கள் என்பது கேட்கிறவருக்குத் தெரிந்தால் போதும்.

இரண்டு, கடைசி இருபது நிமிடச் சோதனை. க்ளைமாக்ஸ் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிகிறது? இருவரும் சேர்ந்தார்களா என்றால் காதல். செய்தது யார் என்றால் மர்மம். தப்பித்தார்களா என்றால் த்ரில்லர். கலப்படமான படங்கள் பெரும்பாலும் இந்த இடத்தில் பிடிபட்டுவிடும்.

த்ரில்லருக்கும் மர்மத்துக்கும் இடையிலான கோடு பலருக்கும் குழப்பம். மேஜைக்கு அடியில் வெடிகுண்டு இருப்பது பார்வையாளருக்குத் தெரியாமல் திடீரென்று வெடித்தால் கிடைப்பது பதினைந்து விநாடி அதிர்ச்சி, முன்கூட்டியே தெரிந்தால் பதினைந்து நிமிடப் பதைபதைப்பு என்று ஹிட்ச்காக் விளக்கியிருக்கிறார். அதை அடியொற்றி நாங்கள் எழுதிக்கொண்ட வரி இது: “நடக்கப்போகும் ஆபத்து நமக்குத் தெரிந்திருக்க, அது நடக்குமா நடக்காதா என்பதே கதையை இழுத்துச் சென்றால் த்ரில்லர். நடந்து முடிந்த ஒன்றைத் தோண்டிக்கொண்டே போனால் மர்மம்.” இந்த வரியை வைத்துப் பார்த்தால், பாட்டே இல்லாமல் 1954-இல் எஸ். பாலசந்தர் இயக்கிய ‘அந்த நாள்’ மர்மப் பக்கம் போய்விடுகிறது. கொலை தொடக்கத்திலேயே விழுந்துவிடுகிறது. பிறகு வருவதெல்லாம் ஆளுக்கொரு கோணத்தில் விரியும் விசாரணை. எங்களில் ஒருவனுக்கு இதில் இன்றுவரை வருத்தம்தான். அவனுடைய த்ரில்லர் பட்டியலில் அது முதலிடத்தில் இருந்தது.

எழுதிய வரியை எபிசோடின் முதல் நிமிடத்திலேயே வாசித்துவிடுங்கள். “ஒரு படம் ஒரு பட்டியலில்தான்” என்ற விதியை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்பதையும் அப்போதே சொல்லுங்கள். நான் வேண்டும் என்பேன். அந்த விதி இல்லாவிட்டால் நாலைந்து பெரிய படங்களே எல்லாப் பட்டியலிலும் உட்கார்ந்துகொண்டு இடத்தை அடைத்துவிடும். ஹாரர் காமெடி போல நன்றாகவே நிலைபெற்றுவிட்ட கலவைகளுக்குத் தனிப் பட்டியல் போடுங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் அவற்றை நிற்க வைக்காதீர்கள்.

படி 3: படங்களைத் திரட்டுதல்

ஒவ்வொருவரும் தனியாக, மற்றவரைக் கேட்காமல், எட்டுப் படங்களை எழுதி வாருங்கள். மூன்று தாளையும் சேர்த்து, இரட்டிப்பாக வந்தவற்றைக் கழித்தால் பதினாறு முதல் இருபது வரை நிற்கும். அந்த அளவு போதும்.

மூவரும் முழுதாகப் பார்க்காத படத்துக்கு இடம் கிடையாது. ட்ரெய்லர் பார்த்தது, பாதியில் தூங்கியது, யூடியூபில் பத்து நிமிடக் கதைச் சுருக்கம் கேட்டது எதுவும் கணக்கில் வராது. ஒருவர் பார்க்கவில்லை என்றால் அவருக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பக்கத்திலும் கடைசியாக எப்போது பார்த்தீர்கள் என்ற ஆண்டைக் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ஒரு எண் பல உண்மைகளைக் கக்கிவிடும். போன மாதம் பார்த்த படம் தானாக மேலே மிதக்கும். பன்னிரண்டு வயதில் பார்த்த படம், படத்தைவிட அந்த வயதின் வாசனையால் மேலே நிற்கும். பதினைந்து வருடத்துக்கு முன் பார்த்ததை மீண்டும் பார்க்காமல் முதல் ஐந்தில் வைக்கக்கூடாது என்று ஒரு விதி போட்டோம். என் தாளிலிருந்து இரண்டு படம் காலி.

படி 4: ஓட்டு முறையை முடிவு செய்யுங்கள்

ஸ்டார் கொடுத்துச் சராசரி எடுக்கும் வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒருவருக்கு மூன்று ஸ்டார் என்பதே பாராட்டு, இன்னொருவர் நாலுக்குக் கீழே இறங்கவே மாட்டார். சராசரி எடுத்தால் தாராளக்காரருடைய ரசனைதான் ஜெயிக்கும்.

மற்ற முறைகளுக்கு நல்ல வரலாறு உண்டு. பிரிட்டிஷ் இதழான ‘சைட் அண்ட் சவுண்ட்’ 1952 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை விமர்சகர்களிடம் ஓட்டெடுக்கிறது. ஆளுக்குப் பத்துப் படம். எழுதும் வரிசைக்கு மதிப்பில்லை, பெயர் வந்தால் ஒரு ஓட்டு. எளிமையான முறைதான், ஆனாலும் முடிவுகள் ஆட்டம் காட்டுகின்றன. 1952-இல் முதல் பத்தில்கூட இல்லாத ‘சிட்டிசன் கேன்’ 1962 முதல் 2002 வரை ஐந்து முறை முதலிடம். 2012-இல் ‘வெர்டிகோ’ அதைக் கீழே தள்ளியது. ஓட்டுப் போட்டவர்கள் 1,600 பேரைத் தாண்டிய 2022-இல் இயக்குநர் ஷாந்தால் ஆக்கர்மனின் ‘ழான் தீல்மான்’ முதலிடத்துக்கு வந்தது. படங்கள் அப்படியேதான் இருக்கின்றன, ஓட்டுப் போடுகிறவர்கள் மாறியிருக்கிறார்கள். ஆனால் மூன்று பேர் மட்டும் இந்த முறையில் ஓட்டுப் போட்டால் பாதிப் படங்கள் சமநிலையில் வந்து நிற்கும். நமக்கு இது ஒத்துவராது.

சிறு குழுவுக்குப் பொருந்துவது புள்ளி முறை. 1770-இல் போர்தா என்ற பிரெஞ்சுக்காரர் முன்வைத்தது. பத்துப் படம் என்றால் முதலிடத்துக்கு 10, அடுத்ததற்கு 9 என்று இறங்கி வந்து கூட்ட வேண்டும். இதன் குணத்தை நான்கு படத்தில் பார்த்துவிடலாம். படங்கள் அ, ஆ, இ, ஈ. முதல் இருவரும் அதே வரிசையில் அ, ஆ, இ, ஈ என்று எழுதுகிறார்கள். மூன்றாமவர் ஆ, இ, ஈ, அ என்று எழுதுகிறார். புள்ளிகள் 4, 3, 2, 1.

அ: 4 + 4 + 1 = 9.
ஆ: 3 + 3 + 4 = 10.

மூவரில் இருவருக்கு முதலிடத்தில் இருந்த படம் தோற்றுவிட்டது. யாருக்கும் கசக்காத படத்தைத் தூக்கிவிடுவது இந்த முறையின் சுபாவம். ஒரே ஒருவர் வேண்டுமென்றே கடைசியில் தள்ளினால் போதும், நல்ல படம் கவிழும். எங்கள் குழுவில் அது நடந்தது. செய்தவன் நான்தான்.

சரி, இரண்டிரண்டாக மோதவிடலாமே என்று தோன்றும். அதிலும் பொறி இருக்கிறது. ஒருவர் அ, ஆ, இ என்கிறார். அடுத்தவர் ஆ, இ, அ. மூன்றாமவர் இ, அ, ஆ. மோதவிட்டால் ‘அ’, ‘ஆ’-வை வெல்லும்; ‘ஆ’, ‘இ’-யை வெல்லும்; ‘இ’, ‘அ’-வை வெல்லும். வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். 1785-இல் பிரெஞ்சு அறிஞர் கோந்தோர்சே எழுதிவைத்த புதிர் இது, மூன்று நண்பர்கள் கூடும் இடத்திலெல்லாம் இன்றும் எட்டிப் பார்க்கிறது. தவிர, பத்துப் படத்துக்கே 45 மோதல், இருபது படத்துக்கு 190. விடிந்துவிடும்.

நாக்-அவுட் போட்டி வைத்தால் 16 படத்துக்கு 15 மோதல்தான், கேட்கவும் விறுவிறுப்பாக இருக்கும். ஆனால் அது முதலிடத்தை மட்டுமே நம்பகமாகச் சொல்லும். இரண்டாவது சிறந்த படம் முதல் சுற்றிலேயே முதல் படத்திடம் சிக்கி வெளியேறியிருக்கலாம். டென்னிஸ் போட்டிகளில் இரண்டாம் பரிசு இப்படி அநியாயமாகப் போகிறது என்று 1883-லேயே ‘ஆலிஸ்’ கதை எழுதிய லூயிஸ் கரோல் புலம்பி எழுதியிருக்கிறார்.

எல்லாவற்றையும் முயன்ற பிறகு நாங்கள் வந்து நின்ற இடம் இது. பதிவுக்கு முன்னால் ரகசியமாகப் புள்ளி முறையில் இருபதைப் பத்தாகக் குறைப்போம். பதிவில் அந்தப் பத்தை மட்டும் அடுக்குவோம். முதல் படத்தை மேஜையில் வைக்கிறோம். அடுத்த படம் அதற்கு மேலா, கீழா? மூன்றாவதிலிருந்து, வரிசையின் நடுவில் இருக்கும் படத்தோடு முதலில் ஒப்பிட்டு, மேலே என்றால் மேல்பாதியின் நடு, கீழே என்றால் கீழ்பாதியின் நடு என்று இறங்கிக்கொண்டே போனால் இடம் கிடைத்துவிடும். இதற்கு மோதல்கள் குறைவு. இருபது படம் கொண்ட பட்டியலில்கூடப் புதிதாக ஒரு படத்தை நுழைக்க அதிகபட்சம் ஐந்து ஒப்பீடு போதும். இன்னொரு பெரிய வசதியும் இதில் உண்டு. “இந்தப் படம் எவ்வளவு நல்ல படம்?” என்ற பதிலில்லாத கேள்விக்குப் பதிலாக, “இதைவிட அது மேலா?” என்று கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு யாராலும் காரணம் சொல்லாமல் இருக்க முடியாது. பாட்காஸ்டுக்கு வேண்டியது அந்தக் காரணங்கள்தான்.

ஆளுக்கு ஒரு தடை ஓட்டும் உண்டு. ஒரு எபிசோடில் ஒரே ஒரு முறை, ஒரே ஒரு படத்தை, காரணம் சொல்லி இரண்டு இடம் இறக்கலாம்.

நேயர்களிடம் ஓட்டெடுத்தால் முறை மாற வேண்டும். ஆஸ்கரில் சிறந்த படத்துக்கான பரிந்துரைகள் ஐந்திலிருந்து பத்தாக உயர்ந்த 2009-இல் விருப்ப வரிசை முறையை மீண்டும் கொண்டுவந்தார்கள். முதல் விருப்ப ஓட்டு மிகக் குறைவாகப் பெற்ற படம் வெளியேறும். அந்தத் தாள்கள் அடுத்த விருப்பத்துக்குப் போகும். ஒரு படம் பாதிக்கு மேல் பெறும்வரை இது தொடரும். ஐம்பது, நூறு பேர் ஓட்டுப் போட்டால் நன்றாக வேலை செய்கிற முறை.

படி 5: பேச வேண்டியதைத் தயார் செய்யுங்கள்

ஒரு படத்துக்கு ஒரு காட்சி. கதைச் சுருக்கம் வேண்டாம். அந்தக் காட்சியை பதிவுக்கு முந்தின நாள் மறுபடி பார்த்து மூன்று வரி எழுதுங்கள்: கேமரா எங்கே இருக்கிறது, என்ன சத்தம் கேட்கிறது, எந்த நொடியில் காட்சி திரும்புகிறது. நினைவிலிருந்து பேசினால் தப்பாகப் பேசுவோம். மழை பெய்ததாக நான் சத்தியம் செய்த ஒரு காட்சியில் ஒரு துளி மழைகூட இல்லை.

‘வேற லெவல்’, ‘சான்ஸே இல்ல’, ‘மேக்கிங் செம’ மூன்றுக்கும் தடை. சொன்னவர் அடுத்த வாக்கியத்தில் “ஏன்னா” என்று தொடர வேண்டும். “செமயா இருக்கும், ஏன்னா அவன் கதவைத் திறக்கிற வரைக்கும் பின்னணி இசை இருக்கு, திறந்ததும் நின்னுடுது” என்றால் கேட்கிறவருக்குக் கையில் ஏதோ கிடைக்கிறது.

முடிவை உடைக்கப் போகிறீர்கள் என்றால் படத்தின் பெயரைச் சொல்லி எச்சரித்துவிட்டு உடையுங்கள். ‘ஸ்பாய்லர் வரும்’ என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை, பத்துப் படத்தில் எது என்று யாருக்குத் தெரியும்?

படி 6: பதிவு

விலை உயர்ந்த மைக்கைவிட அமைதியான அறை முக்கியம். மின்விசிறியை நிறுத்துங்கள். திரைச்சீலை, மெத்தை, துணி அலமாரி இருக்கிற அறை எதிரொலியைக் குடித்துவிடும். சாதாரண அறைகளுக்கு டைனமிக் மைக் நல்லது, தூரத்துச் சத்தத்தை அதிகம் இழுக்காது. வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள், சற்றுப் பக்கவாட்டில் வையுங்கள். ஒவ்வொருவருக்கும் தனி ட்ராக்கில் (தனி ஒலித்தடத்தில்) பதிவு ஆகட்டும். சூடான வாக்குவாதத்தில் இருவர் ஒரே நேரத்தில் கத்தும்போது ஒருவரை அடக்க அதுதான் வழி. வெவ்வேறு ஊரில் இருந்தால் அவரவர் இடத்தில் பதிவு செய்து, தொடக்கத்தில் மூவரும் ஒரு முறை கை தட்டுங்கள். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்து ட்ராக்குகளைச் சேர்க்கலாம்.

பதிவு செய்வது எந்த மைக் என்று மென்பொருளில் பாருங்கள், நகத்தால் மைக்கைத் தட்டிப் பாருங்கள். நாங்கள் ஒரு முழு எபிசோடை, கண்ணெதிரே நல்ல மைக்கை வைத்துக்கொண்டு, லேப்டாப்பின் உள் மைக்கில் பதிவு செய்திருக்கிறோம். கிணற்றுக்குள்ளிருந்து மூன்று பேர் கூப்பிடுவது போல இருந்தது.

முதலிடத்துக்குப் போட்டியிடும் படங்களின் வாதத்தை முதலில் பதிவு செய்யுங்கள். பத்தாம் இடத்திலிருந்து இறங்கி வந்தால், முக்கியமான படத்தைத் தொடும்போது குரல் தேய்ந்துவிடும், எல்லோரும் “சரி, அதுவே இருக்கட்டும்” என்ற நிலைக்கு வந்துவிடுவார்கள். எடிட்டிங்கில் அதை எடுத்துக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம்.

படி 7: எடிட்டிங், வெளியீடு

ஆடாசிட்டி என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசம், இந்த வேலைக்கு அது தாராளம். ஒருவரே இரண்டாம் முறை சொன்ன வாதத்தை வெட்டுங்கள். சிரிப்பையும் சின்ன மௌனத்தையும் விட்டுவையுங்கள். மொத்த ஒலி அளவை மைனஸ் 16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தெரியும் சத்தத்தை அளக்கும் அலகு) சுற்றி வைக்க வேண்டும், ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் சொல்லும் அளவு அது. பேச்சுக்கு மோனோ 64 கேபிபிஎஸ் எம்பி3 போதும், ஒரு மணி நேரம் சுமார் 29 எம்பிதான் வரும். அட்டைப்படம் 3000க்கு 3000 பிக்சல் சதுரமாக இருக்கட்டும். அதைக் கைபேசியில் நகம் அளவுக்குச் சுருக்கி, பெயர் படிக்க முடிகிறதா என்று பாருங்கள்.

படத்தின் வசன ஒலியையோ பாட்டையோ இடையில் ஒட்டும் ஆசை எல்லோருக்கும் வரும். ‘முப்பது விநாடிக்குள் இருந்தால் காப்புரிமைப் பிரச்சினை வராது’ என்பது செவிவழிக் கதை, அப்படி ஒரு விநாடிக் கணக்கு சட்டத்தில் கிடையாது. வசனத்தை நீங்களே சொல்லிக்காட்டுங்கள். மோசமாக நடித்தால் இன்னும் நல்லது.

எபிசோட் குறிப்பில் வகை விளக்கம், ஓட்டு முறை, ஒவ்வொரு படமும் எந்த நிமிடத்தில் வருகிறது என்ற மூன்றையும் போடுங்கள். பட்டியலைக் குறிப்பில் கொடுத்தால் யாரும் கேட்க மாட்டார்கள் என்று எங்களில் ஒருவன் பயந்தான். படப் பெயர்களை அகர வரிசையில் போட்டு, ரேங்கை மட்டும் மறைத்தோம். தகராறு தீர்ந்தது.

படி 8: ஒரு வருடம் கழித்து, பார்க்காமல் மறுபடியும்

பழைய பட்டியலை ஒரு உறையில் போட்டு ஒட்டிவிடுங்கள். ஒரு வருடம் கழித்து அதே வகை விளக்கம், அதே ஓட்டு முறை, புதுத் தாள். போட்டு முடித்த பிறகு உறையைப் பிரியுங்கள். த்ரில்லர் பட்டியலில் எங்களுக்குப் பத்தில் ஆறுதான் தங்கியிருந்தது. நான் குறுக்கு வழியில் கடைசிக்குத் தள்ளிக் கவிழ்த்த படம், இந்த முறை என் தாளிலேயே மூன்றாம் இடத்தில் இருந்தது. உறையைப் பிரித்த நேரத்தில் மைக் ஓடிக்கொண்டிருந்ததால் நண்பர்கள் என்னைத் திட்டியதும் பதிவாகிவிட்டது. அந்த எபிசோட் 50 நிமிடம்தான். திட்டை மட்டும் கொஞ்சம் வெட்டினோம்.